பேஸ்போல் மைதானத்தில் ஒரு மூலை ஐஸ்

அநியாயம் நடந்தது என் அண்ணாவுக்கு, அன்ரி. சேயோன் என்று பெயர். ஒரு மைதானம் நிறைந்த சனத்துக்கு முன்னால், ஐஸ் போடத் தெரியாதவன் என்று சொல்லி, கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைக் கழற்றி வாங்கிக்கொண்டு பின்வாசலால் அனுப்பினார்கள். ஆறு பேர் சேர்ந்து செய்த வேலைக்கு ஒருத்தன்தான் குற்றவாளி. அந்த ஆறு பேரில் எங்கட நிறம் யாருக்கு என்று நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

நீங்கள் தமிழ்தானே? பைக்குள்ளிருந்து முருங்கைக்காய் எட்டிப் பார்க்கிறது, அதுதான் துணிந்து பக்கத்தில் வந்து இருந்தேன். குறை நினைக்காதையுங்கோ. இதை யாருக்காவது சொல்லாவிட்டால் எனக்கு இண்டைக்கு விசர் பிடித்துவிடும். இரண்டு மணிக்கு விசாரணை. பஸ் பாருங்கோ, ஹைவேயில் ஊர்கிறது. விடிந்ததிலிருந்து அவனுக்குப் போன் அடிக்கிறேன், எடுக்கிறான் இல்லை. வருவானா மாட்டானா என்றும் தெரியாது. இண்டைக்கு அவன் போய் நிற்காவிட்டால் ஐஸ் போடுகிறவர்களின் சங்கம் அவனுடைய சான்றிதழை ரத்துச் செய்துவிடும். அது இல்லாமல் இந்த நாட்டில் எந்த ஐஸ் மண்டபத்துக்குள்ளும் அவனைக் கூட்டிப் பெருக்கக்கூட விடமாட்டார்கள். அவனுக்கு வேறு ஒன்றும் தெரியாது, அன்ரி. வேறு ஒன்றும் வேண்டாம் என்று படிப்பை விட்டுவிட்டுப் போனவன்.

ஐஸ் ஹொக்கியை ஏன் பேஸ்போல் மைதானத்தில் விளையாடவேண்டும் என்று கேட்கிறீர்களோ? நல்ல கேள்வி. நானும் அண்ணாவிடம் அதைத்தான் கேட்டேன். கூரைக்குக் கீழே, குளிர்ப்பெட்டி மாதிரி ஒரு மண்டபத்துக்குள்ளே விளையாடுகிற விளையாட்டை வெயிலுக்கும் காற்றுக்கும் நடுவில் கொண்டுபோய் வைத்தால் சனம் அள்ளுப்படுமாம். இந்த நாட்டு வெள்ளைக்காரருக்குச் சின்ன வயசில் உறைந்த குளங்களில் விளையாடிய ஞாபகம் வருமாம். வருசத்தில் ஒரு மட்ச். அதற்காக ஏரிக்கரையில் இருக்கிற பேஸ்போல் மைதானத்தை வாடகைக்கு எடுத்து, பந்தெறிகிறவன் நிற்கிற மண்மேட்டை வழித்து, புல்லுக்கு மேல் பலகை பரப்பி, பலகைக்கு மேல் குழாய்த் தகடு பரப்பி, வெளியில் ஒரு பெரிய லொறியை நிறுத்தி, அதிலிருந்து குளிர்த் திரவத்தைக் குழாய்களுக்குள் ஓடவிட்டு... இவ்வளவும் செய்தபிறகுதான் தண்ணீர். அதையும் ஊற்றக்கூடாதாம். பனி தூவுகிற மாதிரித் தெளிக்கவேண்டுமாம். ஒரு தெளி, உறையவேண்டும். பிறகு ஒரு தெளி. கிழமைக்கணக்கில்.

"தோசை வாக்கிற மாதிரி, ஆரபி. மெல்லிசா வாத்தாத்தான் முறுகும். தடிப்பா ஊத்தினா உள்ளுக்கு வேகாது" என்று எனக்கு விளங்கப்படுத்தினான். ஆரபி நான்தான். யூனிவேசிற்றியில் அரசியல் படிக்கிறேன், மூன்றாம் வருசம்.

அந்தக் கிழமைகளில் நீங்கள் அவனைப் பார்த்திருக்கவேணும். சின்னப் பிள்ளை மாதிரி. ஸ்காபரோவில் ஒரு சமூக மண்டபத்தில் ஐஸை மழித்து மினுக்குகிற மெஷின் ஓடிக்கொண்டிருந்தவன். கலியாண வீடுகளில் எங்கட சனம் விட்ட பகிடியை எல்லாம் சிரித்துக்கொண்டே விழுங்கினவன். குலம் மாமா ஒருநாள் பந்தியில் வைத்தே கேட்டார்: "என்ன சேயோன், ஊரில ஐஸ்பழ வான் ஓடின மாதிரி இஞ்சையும் ஐஸ் யாவாரம்தானோ? ஹோர்ன் அடிக்கிறனியோ?" முழு மேசையும் சிரித்தது. நான் எழும்பினேன். அண்ணா என் கையைப் பிடித்து இருத்தினான். "விடு, சோறு ஆறப்போகுது" என்றான். அவன் எப்போதும் இப்படித்தான். வாய் இருக்கிறது, சாப்பிடமட்டும் பாவிப்பான்.

அப்படிப்பட்டவனைத் தெரிந்தெடுத்தார்கள், அன்ரி. நாடு முழுக்கத் தேடி ஆறு பேர். தலைமை ஐஸ்காரர் கோர்டன் என்று ஒருத்தர், இவன் போட்ட ஐஸில் தானே சறுக்கிப் பார்த்துவிட்டு "நீ வா" என்றாராம். அம்மா அந்தச் செய்தியைத் தமிழ் ரேடியோவுக்கே சொல்லிவிட்டா. பேட்டி எடுத்தார்கள். "என்ர மகன்தான் அந்த மைதானம் முழுக்க ஐஸ் போடுறார்" என்றா. மற்ற ஐந்து பேரும் அம்மாவின் பேட்டியில் பிறக்கவேயில்லை. குலம் மாமாவும் கேட்டிருப்பார்தானே, அந்த நோக்கத்தோடுதான் கொடுத்த பேட்டி.

அன்று பின்னேரமே அம்மாவுக்குப் பயம் பிடித்துவிட்டது. நாவூறு.

"ஊர்க்கண் முழுக்க இனிச் சேயோன் தம்பின்ர ஐஸில, பிள்ளை. ரீவியில மேலயிருந்து படம் எடுத்துக் காட்டுறாங்கள். வெள்ளை வெளேரெண்டு கிடக்கு. பாக்கிற சனம் சும்மா பாக்குமே?"

எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை. வீட்டில் அம்மாவோடு எத்தனை சண்டை பிடித்திருப்பேன். ஒருமுறை உப்பும் செத்தல் மிளகாயும் சுற்றி அடுப்பில் போடப்போய், வீட்டுப் புகை அலாரம் கத்தி, தீயணைக்கிறவர்கள் கோடாலியோடு வந்து நின்றார்கள். அதற்குப் பிறகு அம்மா நெருப்பில் போடுவதில்லை. சுற்றிவிட்டுத் தண்ணீரில் போடுவா. அது ஊரில் யாரோ சொல்லிக்கொடுத்த மாற்றுவழியாம். நெருப்பு இல்லாவிட்டால் தண்ணீர்.

மட்ச் நாள் ஐஸ் போட்டவர்களின் குடும்பங்களை முன்னதாகவே உள்ளே விட்டார்கள். கிட்டப்போய்ப் படம் எடுக்கலாம் என்றார்கள். அம்மா காஞ்சிபுரம் உடுத்து, அதுக்கு மேல் குளிர் ஜக்கெற் போட்டு, கைப்பைக்குள் ஒரு சின்னத் துணிப்பையும் வைத்துக்கொண்டு வந்தா. மூன்று பிடி கல்லுப்பு, மூன்று செத்தல் மிளகாய். வாசலில் நின்ற காவல்காரப் பெடியன் கைப்பையைத் திறக்கச் சொன்னான். துணிப்பையைக் கண்டான். "இது என்ன?" என்றான். "சோல்ட்" என்றா அம்மா. உள்ளே கொண்டுபோக விடமாட்டேன் என்றான்.

இந்த இடத்தைக் கவனமாகக் கேளுங்கோ, அன்ரி. என்னுடைய வாதத்தில் முதல் ஆதாரமே இதுதான்.

நான் விட்டேனா? வீட்டில் நான் சிரிக்கிற விசயம்தான், அது எங்கட வீட்டுப் பிரச்சினை. வாசலில் நிற்கிறவனுக்கு அதைப் பற்றிப் பேச என்ன உரிமை? கேட்டேன். இதே ஒரு வெள்ளைக்கார மனுசி கழுத்தில் சிலுவையோடு வந்தால் கழற்றச் சொல்லுவாயா? புனித நீர்ப் போத்தலோடு வந்தால் பறிப்பாயா? இது எங்கட வழிபாடு. எங்கட உரிமை. அவன் பாவம், முழிக்கிறான். பின்னுக்கு வரிசை நீளுகிறது. அம்மா என் ஜக்கெற்றைப் பிடித்து இழுக்கிறா, "விடு பிள்ளை, இதைக் குப்பையில போட்டிட்டு வாறன்" என்றா. விடமாட்டேன் என்றேன். அவனுடைய மேலதிகாரி வந்தா. அவவிடமும் முதலிலிருந்து சொன்னேன். கடைசியில், "ஓகே, ஓகே, கொண்டு போங்கள்" என்று கையை விரித்தா. என் வாழ்க்கையில் நான் வாதாடி முழுசாக வென்ற ஒரே இடம் அந்த வாசல்தான்.

அதோடு முடிந்ததா? உள்ளே போனால் ஒரு ஈரமான கால்மிதி, பக்கத்தில் சப்பாத்துத் தேய்க்கத் தும்புக்கட்டை. ஒரு பெட்டை நின்று, "சப்பாத்தை நல்லாத் துடையுங்கள், தெரு உப்பு ஐஸுக்குக் கூடாது" என்கிறாள். பாருங்கோ, எங்கட கால் அழுக்கு! எல்லாரையும்தான் துடைக்கச் சொன்னார்கள் என்று அண்ணா பிறகு சொன்னான். எனக்கு முன்னால் போனவர் துடைத்ததை நான் காணவில்லை. அது என் இரண்டாவது ஆதாரம்.

ஆனால் அன்ரி, அந்த ஐஸ்! வாசல் கோபத்தில் நின்ற எனக்கே ஒரு நிமிசம் அது மறந்துபோனது. நாலாபக்கமும் பேஸ்போல் ஆசனங்கள், மேலே வெறும் வானம், நடுவில் பால் உறைந்த மாதிரி. மூலையில் மெஷின் உள்ளே வருகிற அகலக் கதவு திறந்திருந்தது. அதற்குப் பக்கத்தில் அண்ணா நின்றான். "இந்த மூலை நான் தெளிச்சது" என்று காட்டினான். கடைசித் தெளிப்புக்கு ஆளுக்கு ஒரு பகுதி பிரித்துக் கொடுப்பார்களாம். சொல்லும்போது அவன் முகத்தைப் பார்க்கவேணும். பிறகு யாரோ கூப்பிட்டார்கள், போய்விட்டான். நான் அப்பால் போய் அந்தக் கோர்டனைப் பிடித்து, வாசலில் நடந்த அவமானத்தைச் சொல்லிக்கொண்டிருந்தேன். மனுசன் தண்ணீர் தெளிக்கிற குழாயைக் கையில் வைத்துக்கொண்டு தலையாட்டினாரே தவிர ஒன்றும் காதில் ஏறவில்லை.

திரும்பி வந்தால் அம்மா கதவடியில் தனிய நிற்கிறா. கையில் வெறும் துணிப்பை. முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

"முடிஞ்சுது. மூண்டு தரம் சுத்தித் தண்ணியில போட்டிட்டன்."

வாஷ்றூமுக்குள் போய்விட்டு வந்திருக்கிறா என்று நினைத்தேன். எனக்கு அப்போதும் வாசல் கோபம் ஆறவில்லை. எங்கே தண்ணி, என்ன தண்ணி என்று யார் கேட்டது?

மட்ச் தொடங்கியது. முதல் கட்டம் ஒரு குறையும் இல்லை. அடுத்த கட்டத்தில் ஒரு பெடியன், இருபத்தொரு வயசுதானாம், பந்தைத் துரத்திக்கொண்டு... பந்தில்லை, அந்தக் கறுப்புத் தட்டு, அதைத் துரத்திக்கொண்டு அந்த மூலைக்குள் வந்தான். காலில் போட்டிருந்த சறுக்கலணியின் கத்தி ஐஸுக்குள் புதைந்தது. கால் நின்றுவிட்டது, உடம்பு நிற்கவில்லை. முழங்கால். முறிந்த சத்தம் மேலே ஆசனத்தில் இருந்த எங்களுக்குக் கேட்கவில்லை, ஆனால் அவன் கத்தினது கேட்டது. தூக்குப்படுக்கையில் கொண்டுபோனார்கள்.

பெரிய திரையில் காட்டினார்கள், அன்ரி. அண்ணா ஓடிப்போய் அந்த இடத்தில் முழங்காலில் இருக்கிறான். கை அகலத்துக்கு ஐஸ் கஞ்சி மாதிரிக் குழைந்து கிடக்கிறது. கையால் தடவுகிறான். பிறகு அப்படியே அசையாமல் இருக்கிறான். என்னவோ சின்னதாக இரண்டு மூன்றைப் பொறுக்கி ஜக்கெற் பொக்கற்றுக்குள் போடுகிறான். சறுக்கலணித் துண்டாக இருக்கும். அதற்குப் பிறகுதான் தண்ணீர் கேட்டான், குளிர்வாயு கேட்டான், குழியை நிரப்பினான், தட்டிப் பார்த்தான், கை காட்டினான். மட்ச் திரும்பவும் நடந்தது. இவ்வளவு சனத்துக்கு முன்னால் ஐஸைக் காப்பாற்றினவன் அவன்! அதற்குக் கிடைத்த பரிசு?

கோர்டன் வந்து, "இந்த மூலையைத் தெளித்தது யார்?" என்று கேட்டாராம். இவன் "நான்" என்றானாம். "என்ன நடந்தது?" என்று கேட்டாராம். இவன் "என் பிழை" என்றானாம்.

என் பிழை! அன்ரி, அந்தச் சொல் இருக்கிறதே, அது எங்கட சனம் விமானத்திலேயே கொண்டுவந்து இறக்கின சொல். கடைக்காரன் மிச்சக் காசைக் குறைத்துத் தந்தாலும் நாங்கள்தான் சொரி சொல்லுவோம். நான் இதைப் பற்றிப் பத்துப் பக்கத்தில் கட்டுரையே எழுதியிருக்கிறேன். "உனக்கு முடிவு முதலில் வந்துவிடுகிறது, ஆதாரம் பிறகு மூச்சிரைக்க ஓடிவருகிறது" என்று பேராசிரியர் ஓரத்தில் எழுதினார். அவருக்கும் ஒரு பதில் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

நீங்களே சொல்லுங்கோ. ஒரே தண்ணீர். ஒரே குழாய். ஒரே குளிர். ஆறு பேர் தெளித்த ஐஸில் ஒருத்தன் தெளித்த இடம் மட்டும், அதுவும் கை அகலம் மட்டும், தானாக உருகுமா? அந்த லொறியில் கோளாறு இருந்திருக்கவேணும். குழாய் ஒழுகியிருக்கவேணும். அவர்களுடைய சாமானின் பிழையை மறைக்க ஒரு வாயில்லாப் பூச்சி தேவைப்பட்டது. எங்கட அண்ணா கிடைத்தான்.

அன்று தொடக்கம் அவன் மனுசனாக இல்லை. ஒரு பண்டகசாலையில் பெட்டி ஏற்றி இறக்குகிறான். வீட்டுக்கு வந்தால் நிலவறையில் போய்ப் படுக்கிறான். ரீவியில் ஹொக்கி வந்தால் எழும்பிப் போகிறான். அந்தக் காயப்பட்ட பெடியனுக்கு இந்தப் பருவம் முழுக்க விளையாட ஏலாதாம். அண்ணா ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தான். என்ன கதைத்தான் என்று கேட்டால் சொல்லுகிறான் இல்லை. அந்த ஜக்கெற்றைக்கூடத் தோய்க்கத் தருகிறான் இல்லை. அம்மா பறிக்கப்போனா, அன்றைக்கு மட்டும்தான் அவன் அம்மாவிடம் கத்தினதை நான் கேட்டேன். "அதைத் தொடாதையுங்கோ!"

அம்மா அழுதா. பிறகு தானே தன்னைத் தேற்றிக்கொண்டா. வாற போற எல்லாருக்கும் அம்மா சொல்லுகிற கதை வேறு: "அண்டைக்கு நான் கழிச்சுப் போட்டபடியாத்தான் அந்தப் பெடியன் முழங்காலோட தப்பினவன். இல்லாட்டிக் கழுத்தே முறிஞ்சிருக்கும். எவ்வளவு கண், அப்பா!" அண்ணாவுக்கு முன்னாலும் சொல்லுவா. அவன் தலையைக் குனிந்துகொண்டு, "ஓம் அம்மா" என்பான். அதுகூட எனக்குத் தாங்காது. அறிவுக்கு ஒவ்வாத கதையென்று ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? நான் சொல்ல வாயெடுத்தால் என்னை முறைப்பான்.

இந்த மேன்முறையீட்டையும் அவன் கேட்கவில்லை, அன்ரி. நான்தான் அவனுக்காகப் போட்டேன். அவன் சார்பில் நான் பேசலாம் என்றும் அனுமதி எடுத்தேன். முதலில் வேண்டாம் என்றான். பிறகு என்னவோ, சரி என்றான். நேற்றுச் சாப்பாட்டு மேசையில் என் வாதத்தை அவனுக்கு வாசித்துக் காட்டினேன். வாசலில் இருந்துதான் தொடங்குகிறேன் என்றேன். உப்புப் பையைப் பறிக்கப் பார்த்ததிலிருந்து. வேண்டுமென்றால் அந்தக் காவல்காரப் பெடியனையும், அவனுடைய மேலதிகாரியையும் சாட்சிக்குக் கூப்பிடட்டும். அம்மாவையும் கூப்பிடட்டும், எவ்வளவு உப்பு, எதற்காகக் கொண்டுபோனா என்று அம்மாவே சொல்லட்டும். நிறத்தைப் பார்த்துத் தொடங்கின நாள் நிறத்தைப் பார்த்தே முடிந்தது, அதுதான் என் வாதத்தின் முதுகெலும்பு.

அவன் கையில் பிட்டு இருந்தது. அப்படியே கோப்பையில் வைத்தான்.

"உப்புக் கதையை எடாத" என்றான்.

"ஏன்?"

"எடாத எண்டு சொல்லுறன்."

"அதுதான் அண்ணா எங்கட ஒரே பலமான இடம்!"

எழும்பிப் போய்விட்டான். குழம்பு விட்ட பிட்டு அப்படியே கிடந்தது. அம்மா, "தம்பிக்கு என்ன?" என்றா. "பயம், அம்மா, வேறென்ன" என்றேன். விடியப் பார்த்தால் கட்டில் வெறுமை. ஜக்கெற்றும் இல்லை.

இப்ப சொல்லுங்கோ, இவனை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? நியாயம் முழுக்க எங்கட பக்கம் இருக்கிறது. கையில் இருக்கிறது. இவன் ஒருத்தன் வந்து, "என் பிழை இல்லை" என்று மூன்று சொல் சொன்னால் போதும். எனக்குப் பயமாக இருக்கிறது, அன்ரி. நிலவறையில் அவன் படுத்திருக்கிற விதத்தைப் பார்த்தால்... அவனுக்கு ஐஸைத் திருப்பிக் கொடுக்காவிட்டால் அவன் திரும்பி வரமாட்டான். இவ்வளவு நாளாக ஒரு கேள்விதான் கேட்கிறேன், ஏன் வாய் திறக்கிறாய் இல்லை? ஏன்? அதற்கு ஒரு பதில் தரட்டும், நான்...

பொறுங்கோ. அவன்தான். அவன்தான் அடிக்கிறான்!

"அண்ணா! எங்க நிக்கிறாய்?"

கேட்குதில்லை, பஸ் சத்தம். ஸ்பீக்கரில் போடுகிறேன், அன்ரி. நீங்களும் கேளுங்கோ. கேட்டுவிட்டு நீங்களே நியாயம் சொல்லுங்கோ.

"வந்திட்டன். விசாரணை நடக்கிற கட்டடத்து வாசல்ல நிக்கிறன்."

"அப்பாடா! நான் இன்னும் கொஞ்சத்தில வந்திடுவன், நீ உள்ளுக்குப் போகாத, நான் வந்துதான்..."

"நீ வராத, ஆரபி. நான் தனியப் போறன்."

"உனக்கு விசரே? உனக்குக் கதைக்கத் தெரியாது! திரும்பவும் என்ர பிழை எண்டு சொல்லிப்போட்டு வருவாய். ஏன் அண்ணா? ஒரு காரணம் சொல்லு. ஒரே ஒரு காரணம்."

"அம்மா அண்டைக்கு அந்த உப்பைத் தண்ணியில போட்டவ எண்டு சொன்னவதானே."

"ஓம். அதுக்கென்ன?"

"எந்தத் தண்ணியில எண்டு நீ கேட்டனியே?"

"வாஷ்றூமில... இல்லை, அவ கதவடியிலதானே நிண்டவ... அண்ணா?"

"அந்த மூலை ஐஸுக்குள்ள புதைஞ்சு கிடந்த மூண்டு மிளகாயும் என்ர பொக்கற்றுக்குள்ள கிடக்கு. நீ இறங்கி மற்றப் பக்கத்து பஸ்ஸில ஏறி வீட்டை போ. அம்மா கேட்டா, நாங்கள் எவ்வளவோ வாதாடினம், வெள்ளைக்காரர்தான் அநியாயம் செய்துபோட்டினம் எண்டு சொல்லு. உனக்கு அதை நல்லாச் சொல்ல வரும்."